ஊதியம் பெறாமல் ஊதியவர்கள்

ஜனவரித் திங்கள் 29ஆம் நாள் மாலையில் தலைநகரின் விஜய் சௌக்கில் படை வாத்தியங்கள் முழங்குவதை நம் வாசகர்களுள் பலர் நேரில் கண்டிருப்பர். ஏனையோர் தொலைக்காட்சியிலேனும் கண்டிருப்பர். கதிரவன் மறையும் வேளையில் பியூகிள் ஒலித்து, கொடி இறங்கும்பொழுது நெஞ்சு நெகிழாதார் அரியர். அங்கே வாசிப்பவர்கள் படையினர். வாசிப்பதே அவர்கள் பணி. அதற்கென்று பயிற்சியும் சம்பளமும் உண்டு. ஆனால் அதே முரசையும் அதே பியூகிளையும், ஒரு காசும் பெறாமல், தலை நரைக்கும்வரை தோளிலே சுமந்து நடந்த மனிதர்கள் ஒரு நாட்டில் இருந்தார்கள்; இன்றும் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘சீனியர் டிரம் அண்டு பியூகிள் கோர்’ என்னும் மூத்தோர் முரசு, பியூகிள் குழுக்களையும், அவற்றில் வாசித்தவர்களையும் பற்றியே இத்திங்கள் வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

மூத்தோர் என்றதும் முதியோர் என்று எண்ணிவிட வேண்டா. அந்நாட்டு வழக்கில் 21 வயது வரையுள்ளவர்களின் குழு ‘ஜூனியர்’. வயது வரம்பே இல்லாதது ‘சீனியர்’. ஆகவே, இருபத்திரண்டு வயது இளைஞனும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று வாசிக்கும் இடம் அது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்லப்போவது யாவும் அதனைச் சுற்றியே வரும்.

இக்குழுக்களின் பிறப்பு முதல் உலகப் போரோடு தொடர்புடையது. பியூகிள் என்பது ஆதியில் இசைக்கருவியாகக் கருதப்பட்டதன்று, கட்டளைக் கருவி. எழு, உண், தாக்கு, திரும்பு என்று ஆயிரம் பேருக்கு ஒரே மூச்சில் ஆணையிட அது பயன்பட்டது. தந்தியும் தொலைபேசியும் கம்பியில்லாச் செய்தியும் போர்முறையை மாற்றவே, களத்தில் அதற்கு வேலை குறைந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் 1919இல் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்னும் சங்கத்தை நிறுவினார்கள். ஊர்தோறும் அதற்குக் கிளைகள் தோன்றின. ஊதத் தெரிந்தவர்களும் முரசு கொட்டத் தெரிந்தவர்களும் கிளைக்குக் கிளை இருந்தார்கள். மாலையில் கூடினார்கள், ஊதினார்கள், விழா நாட்களில் தெருவிலே நடந்தார்கள். விரைவில் கிளைக்கும் கிளைக்கும் போட்டி பிறந்தது. கொலைக்களத்துக் கருவி கொண்டாட்டத்தின் கருவியாக மாறிய கதை இது.

பழைய பியூகிளில் வால்வு கிடையாது. விரலுக்கு அங்கே வேலையில்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமுமே ஸ்வரங்களைப் பிறப்பிக்கும். அவ்வாறு எளிதில் பிறப்பவை சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்ற மூன்றும், அவற்றின் மேல் கீழ் ஸ்தாயிகளுமே. மூன்று ஸ்வரங்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பாட முடியும்? எனவே, 1920களின் இறுதியில் ஒரே ஒரு வால்வு சேர்த்தார்கள். அதை அழுத்தினால் குழலின் ஆதார ஒலி சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும். அப்பொழுது பஞ்சமம், காகலி நிஷாதம், சதுசுருதி ரிஷபம் ஆகியவை கிட்டும். இரண்டு தொகுதியையும் சேர்த்துப் பாருங்கள்: ச ரி க ப நி. கர்நாடக சங்கீதம் அறிந்த வாசகர் இந்நேரம் புன்னகை செய்திருப்பர். ஆம், நம் ஹம்சத்வனியின் ஐந்து ஸ்வரங்களே அவை! அந்த ராகத்தை அவர்கள் அறியார்கள். ஆயினும் மத்திமமும் தைவதமும் எளிதில் வாராத ஒரு கருவியோடு அவர்களும் அந்த ஐந்திலேயே நீண்ட காலம் உழன்றார்கள். பின்னர் அரை ஸ்வரம் இறக்கும் ‘ரோட்டர்’ என்னும் திருகு ஒன்றும் சேர்ந்தது. குறைந்த வசதிக்குள்ளே நிறைந்த இசையைத் தேடியதுதான் அக்குழுக்களின் தனிச்சிறப்பு. ஒருவர் குழலில் இல்லாத ஸ்வரம் மற்றொருவர் குழலில் இருக்கும்படி இசையைப் பங்கிட்டு எழுதுவார்கள். ஒரு பாட்டு முழுமை பெற வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவன் தவறாமல் வரவேண்டும்.

முரசின் கதை இன்னும் சுவையானது. தந்தி பூட்டிய சிறுமுரசை இரு குச்சிகளால் வாசிக்கும் முறைக்கு அந்நாட்டில் பழைய மரபு உண்டு. விடுதலைப் போர்க் காலத்துப் படை முரசிலிருந்து வழிவழியாக வந்தது அது. கனெக்டிகட் மாநிலத்தில் புல்லாங்குழலும் முரசும் சேர்ந்த பழங்குழுக்கள் அதை விடாது காத்தன. நம் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் சொற்கட்டு இருப்பதுபோல அதற்கும் உண்டு. ‘ஃபிளாம்’, ‘பாரடிடில்’, ‘ராட்டமக்யூ’ என்று வாயால் சொல்லும்பொழுதே கைக்குத் தாளம் வந்துவிடும். 1933இல் சிகாகோவில் அமெரிக்கன் லீஜியனின் மாநாடு கூடிய சமயம், முரசு வல்லுநர் பதின்மூவர் தனியே அமர்ந்து, எந்தெந்தச் சொற்கட்டு எல்லார்க்கும் பொதுவான பாடம் என்று ஆராய்ந்தனர். அவர்கள் வகுத்தவை 26. அதற்கென ஒரு சங்கமும் கண்டனர். மாநாட்டுக்கு வந்தவர்கள் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு ஊர் திரும்புவதே உலக வழக்கம். பாடத்திட்டம் வகுத்துவிட்டுத் திரும்பிய மாநாட்டினர் இவர்கள்!

அம்மரபில் வந்தவர் பிராங்க் ஆர்சனால்ட். கனெக்டிகட்டில் எர்ல் ஸ்டர்ட்ஸி என்னும் ஆசிரியரிடம் பயின்றவர். பின்னர் சிகாகோ பக்கம் குடிபெயர்ந்து இளையோர் குழுக்களைப் பயிற்றினார். லட்விக் என்ற முரசுக் கம்பெனிக்காக அந்த 26 பாடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து இசைத்தட்டாகத் தந்தார். மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, மீண்டும் மெல்ல இறங்கி ஓய்வது அப்பாடத்தின் முறை. ஆசிரியர் இல்லாத சிற்றூர்ப் பையன்கள் அந்தத் தட்டைச் சுழலவிட்டு, மேஜைமேல் குச்சியால் தட்டிப் பழகினார்கள். குருவின் முகம் காணாத சீடர்கள் அவருக்கு எத்தனை பேரோ!

இரண்டாம் உலகப் போரின்போது பல குழுக்கள் கலைந்தன. 1945இல் போர் ஓய்ந்தது. திரும்பி வந்த இளைஞர்களுள் பலர், போருக்கு முன் ஜூனியர் குழுக்களில் வாசித்தவர்கள். போன வயது திரும்பாது. ஜூனியர் குழுவில் இனி இடமில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? அக்கேள்விக்கு விடையாகவே மூத்தோர் குழுக்களின் பொற்காலம் பிறந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில், பட்டாலைகளுக்குப் பெயர்பெற்ற பேட்டர்சன் நகரை அடுத்த ஹாதார்ன் என்ற சிற்றூரில் 1946இல் ‘கபலேரோஸ்’ குழு தோன்றியது. கபலேரோ என்றால் இஸ்பானிய மொழியில் குதிரை வீரன். கோலமும் இஸ்பானியக் கோலம். பாட்டும் இஸ்பானியப் பாட்டு. நியூயார்க்கில் ‘ஸ்கைலைனர்ஸ்’ குழுவினர் தங்கள் மாநகரின் நாடக மேடைப் பாடல்களை ஊதினார்கள். பிலடெல்பியாவின் ‘ரெய்லி ரைடர்ஸ்’ குழுவினர் பச்சை உடை தரித்து அயர்லாந்துப் பாடல்களை முழக்கினார்கள். உடையைக் கண்டே குழுவையும், முதல் நான்கு ஸ்வரத்தைக் கேட்டே பாட்டையும் சொல்லிவிடும் ரசிகர்கள் அவர்களுக்கு இருந்தார்கள்.

இங்கே, குடிபெயர்ந்து வாழும் நம்மனோர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. இக்குழுக்களில் சேர்ந்தவர்களுள் ஏராளமானோர், அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்து கிழக்குக் கரைத் தொழில் நகரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பேட்டையில் உள்ள கத்தோலிக்கத் தேவாலயம் சிறுவர்களுக்கு ஒரு குழு நடத்தும். பையன் அங்கே குழல் பிடிக்கக் கற்பான். வளர்ந்தபின் மூத்தோர் குழுவுக்குப் போவான். தந்தை பேசும் மொழி மகனுக்குச் சரியாக வராது. ஆனால் தந்தை தட்டிய முரசு மகனுக்கும் வரும். புதிய மண்ணில் ஒரு தலைமுறையை மறு தலைமுறையோடு கட்டிய கயிறுகளுள் முரசின் வாரும் ஒன்று என்றால் மிகையாகாது.

அக்காலத்துப் போட்டி எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கால்பந்து மைதானத்தின் ஒரு கோடியில் குழு அணிவகுத்து நிற்கும். ஓசை ஒன்றும் இராது. தலைவரின் கை உயரும். முதல் முழக்கத்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே வருவார்கள். நடந்தும் திரும்பியும் வரிசைகளைப் பின்னியும் பிரித்தும் வாசிப்பார்கள். நடுவில் நின்றபடி ஒரு கச்சேரிப் பாட்டு. பின்னர் தேசக் கொடிக்கு மரியாதை; போரிட்டவர்களின் சங்கம் அல்லவா? அதன்பின் மறுகோடியை நோக்கி ஊதிக்கொண்டே வெளியேறுவார்கள். யாவும் ஏறக்குறைய 13 நிமிடம்.

நடுவர்கள் தொலைவில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கவில்லை. அட்டையும் பென்சிலும் ஏந்தி வரிசைக்குள்ளேயே நடந்தார்கள். குனிந்து காலடியைப் பார்த்தார்கள். முரசின் அருகே செவியை வைத்தார்கள். பிசகிய ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பத்தில் ஒரு மதிப்பெண் கழிவு. முழு எண்ணிலிருந்து தொடங்கிக் குறையைக் கழித்துக்கொண்டே வரும் கணக்கு அது. நூறு பேர் சரியாக வாசித்தும், ஒருவர் குச்சி நழுவியதால் கோப்பை நழுவிய நாட்கள் உண்டு. அதனால்தான், எவர் திறமைசாலி என்பதைவிட எவரை நம்பலாம் என்பதே அங்கே பெரிய கேள்வியாக இருந்தது.

ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் நடந்த ‘டிரீம்’ போட்டியைப் பழைய ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், நிற வேற்றுமையின் சுவரைத் தகர்த்து 1946இல் தம் முதல் பந்தயம் ஆடிய மைதானமும் அதுவே. அந்த மைதானம் 1985இல் இடிக்கப்பட்டது. ஆயினும் ‘பிளீட்வுட்’ என்னும் இசைத்தட்டுக் கம்பெனியார் மைதானம் மைதானமாகச் சென்று ஒலிப்பதிவு செய்தமையால் அக்காலத்துக் குழுக்களின் முழக்கம் பிழைத்திருக்கிறது. அந்தத் தட்டுகளைக் கேட்டால் இசையோடு கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்தே காதில் விழும். தம் ஊர்க்குழு கோட்டைத் தாண்டியதும் எழும் அந்த ஓலத்தில், எத்தனை மனைவியர், எத்தனை பிள்ளைகள், எத்தனை அண்டை வீட்டாரின் குரல் கலந்திருக்கிறதோ!

வாசித்தவர்கள் யார்? ஆலைத் தொழிலாளி, தச்சர், தபால்காரர், போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர், கடைக் கணக்கர். பகலெல்லாம் பிழைப்பு, வாரத்தில் ஒரு மாலையும், வெயிற்காலத்து விடுமுறை நாட்களும் ஒத்திகைக்கும் பந்தயத்துக்கும். பல மணி நேரம் பஸ்ஸில் சென்று, பதின்மூன்று நிமிடம் வாசித்து, இரவோடு இரவாகத் திரும்பி, மறுநாட்காலையில் வேலைக்குப் போவார்கள். பரிசுப் பணம் கிடைத்தாலும் அது பஸ்ஸுக்கும் குழலுக்கும் துணிக்குமே சரியாகும். அவர்கள் கையில் மிஞ்சியது மறுவாரத்து ஒத்திகை ஒன்றே.

நெடுங்காலம் இவ்வரிசைகளில் ஆடவரே மிகுந்திருந்தனர். பெண்களுக்கெனத் தனிக்குழுக்கள் இருந்தன. பிற்காலத்தில் பெண்களும் ஒரே அணியில் சேர்ந்து கொடியும் குழலும் முரசும் ஏந்தலாயினர். அது நிகழ்ந்தபின் கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் ஒன்றாக நின்று வாசிக்கும் காட்சி அரிதன்று.

போட்டிகளின் சட்டதிட்டங்கள் படைவீரர் சங்கங்களின் கையிலேயே இருந்தமை நாளடைவில் குழுக்களுக்குக் குறையாகத் தோன்றியது. வாசிப்பவர்களே தங்கள் போட்டியை நடத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கிழக்குக் கரைக் குழுக்கள் சில சேர்ந்து 1963இல் ‘டிரம் கோர் அசோசியேட்ஸ்’ என்ற கூட்டமைப்பைக் கண்டன. 1965இல் அதன் முதற்பட்டப் போட்டி நடந்தது. வென்றவர்கள், பென்சில்வேனியா மாநிலத்தின் ரெயில்வே நகரமாகிய ரெடிங்கில் 1957இல் தோன்றிய ‘பக்கனீர்ஸ்’ குழுவினர். ஒவ்வோராண்டும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் திருநாள். அதையொட்டிய விடுமுறையில் பட்டப் போட்டி நடப்பது வழக்கமாயிற்று. தொழிலாளர்கள் வாசிக்கும் இசைக்குத் தொழிலாளர் திருநாளைவிடப் பொருத்தமான நாள் வேறேது?

காலம் எதையும் நின்ற நிலையில் விட்டுவைப்பதில்லை. 1972இல் இளையோர் குழுக்கள் ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்ற பேரமைப்பின்கீழ் திரண்டன. விளம்பரமும் கூட்டமும் அப்பக்கம் சாய்ந்தன. லீஜியன் கிளைகளில் முதியவர்கள் குறைந்தார்கள். அவர்கள் மக்கள் பழைய பேட்டையை விட்டுத் தொலைவிலுள்ள புறநகர்களுக்குக் குடிபோனார்கள். பஸ் வாடகையும் கருவியின் விலையும் ஏறின. பல குழுக்கள் ஓசையின்றி மறைந்தன. பியூகிளும் மாறியது. இரண்டு வால்வு வந்தது. 1990இல் மூன்று வால்வு அனுமதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் எந்தச் சுருதியில் அமைந்த பித்தளைக் கருவியும் இளையோர் போட்டியில் இடம்பெறலாம் என்றாயிற்று. பின்னர் மூத்தோர் குழுக்களும் அவ்வழியே சென்றன. எல்லா ஸ்வரமும் எளிதில் வரும் கருவி நல்லதே என்பார் ஒரு சாரார். ஐந்து ஸ்வரத்தோடு மல்லாடிய காலத்து மிடுக்கு இதில் இல்லை என்பார் மறு சாரார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால், வழக்குப் பேசுவதோடு அந்தப் பழையவர்கள் நின்றுவிடவில்லை என்பதே நாம் வியக்கும் செய்தி. பழைய குழுக்களின் முன்னாள் உறுப்பினர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மீண்டும் கூடினார்கள். பரணிலிருந்து பழைய குழலை இறக்கித் துடைத்தார்கள். ஸ்கைலைனர்ஸ், ரெய்லி ரைடர்ஸ், கபலேரோஸ் ஆகிய பெயர்களில் ‘பழைய மாணவர்’ குழுக்கள் தோன்றிப் பழைய பாடல்களைப் பழைய கருவியிலேயே வாசித்தன. முழங்கால் வலியால் நடக்க இயலாதவர்கள் நின்றபடி ஊதினார்கள். போட்டியில்லை, மதிப்பெண்ணில்லை, நடுவரில்லை. முப்பதாண்டுக்குமுன் பக்கத்தில் நின்றவன் இன்றும் பக்கத்தில் நிற்கிறான் என்ற மகிழ்ச்சி ஒன்றே அவர்கள் பெற்ற கோப்பை.

அண்மையில் இரண்டு செய்திகள் வந்தன. 1934இல் நியூ ஜெர்சியின் கார்பீல்டு நகரில் ஒரு தேவாலயத்தின் ஆதரவில் தோன்றி, ‘கேடட்ஸ்’ என்ற பெயரில் உலகறிந்த இளையோர் குழு 2024இல் மூடப்பட்டது. அதே 2024 முதல், மூத்தோர் குழுக்களின் பட்டப் போட்டி டிரம் கோர் இன்டர்நேஷனலின் ‘அனைத்து வயதினர்’ பிரிவாக நடக்கத் தொடங்கியது. 1963இல் தொடங்கிய தனிக்கூட்டமைப்பின் காலம் அவ்வாறு நிறைவுற்றது. புகழ்பெற்ற குழுவும் தொண்ணூறு ஆண்டில் மறையக்கூடும். பெயர் மாறினாலும் முரசு ஓயாமல் இருக்கவும் கூடும். இரண்டையும் ஒரே ஆண்டு காட்டிவிட்டது.

தொலைநாட்டு முரசைப் பற்றி இத்தனை சொல்வானேன் என்று வாசகர் கேட்கலாம். கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும், இன்னும் தமிழர் குடியேறிய நகர்கள்தோறும், நம் பிள்ளைகள் பாட்டும் பரதமும் மிருதங்கமும் கற்கிறார்கள். சங்கத்து ஆண்டுவிழாவில் மேடையேறுகிறார்கள். நாமும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் வகுப்பு நிற்கிறது; கல்லூரி வந்ததும் வீணைக்கு உறை ஏறுகிறது; வேலை கிடைத்ததும் எல்லாம் மறந்துபோகிறது. கலை என்பது பிள்ளைப் பருவத்துக்கு உரியது; வளர்ந்தவர்கள் பார்வையாளர்களே என்று நாம் எவ்வாறோ முடிவு செய்துவிட்டோம். நம் முன்னோர் அப்படி இருந்ததில்லை. பகலெல்லாம் ஆபீசில் கோப்புப் பார்த்தவர்களே மாலையில் சங்கத்து நாடகத்தில் அரசர்களாகவும் அமைச்சர்களாகவும் நின்றார்கள். சனிக்கிழமை பஜனையில் ஜால்ரா பிடித்தார்கள். அவர்கள் புகைப்படங்கள் சங்கக் கூடங்களின் சுவரில் தொங்குகின்றன. அவர்கள் நின்ற இடந்தான் காலியாக இருக்கிறது.

அந்த அமெரிக்கத் தொழிலாளர்கள் செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை. வளர்ந்தவனுக்கும் ஓர் இடம் வைத்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு கிழமையும் ஒரு நேரமும் குறித்தார்கள். குறித்த நேரத்தில் வந்து நின்றார்கள். நினைவைக் காப்பதற்குப் புகைப்படம் போதும். கலையைக் காப்பதற்கு ஒத்திகை வேண்டும். இருபது வயதுப் பொறியியல் மாணவனும் ஓய்வுபெற்ற ரெயில்வே குமாஸ்தாவும் ஒரே கோஷ்டியில் அமர்ந்து ஒரு தேவாரமேனும் சேர்ந்து பாட, நம் சங்கங்களில் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்க இயலாதா?

உறை போட்டு வைத்த வீணையும் கஞ்சிராவும் வாசகர் இல்லங்கள் பலவற்றில் இருக்கும். அவற்றை இறக்கித் தூசி தட்டும் நல்ல நாள் விரைவில் வாய்க்கட்டும். வரும் திங்கள் வேறொரு பொருளோடு வாசகர்களைச் சந்திப்போம்.